செல்டாவா, மரியோவா?

நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் கருவியை வாங்கியவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இரண்டு ஆட்டங்களில்தான். இரண்டும் 2017இல் வந்தவை: செல்டா 'பிரெத் ஆஃப் த வைல்ட்' மார்ச்சில், கருவி வெளிவந்த அன்றே, 'சூப்பர் மரியோ ஒடிசி' அக்டோபரில்.

செல்டா பொறுமைசாலிகளுக்கானது. கண்ணில் படும் மலையில் எல்லாம் ஏறலாம். பாதி ஏறியதும் மழை பிடித்துக்கொள்ளும். கை வழுக்கும், தெம்பு தீரும், தொப்பென்று கீழே விழுவோம். இடி இடிக்கும்போது இரும்பு வாள் வைத்திருந்தால் மின்னல் நம் தலையில்தான் இறங்கும். வாளைக் கழற்றிவிட்டு வெறும் மரத்தடியோடு ஓடிய அன்றுதான் இந்த ஆட்டத்தின் அருமை எனக்குப் புரிந்தது. ஆயுதங்கள் சட்டென்று உடைவது மட்டும் எரிச்சல். நல்ல வாளைக் கருமி போலப் பதுக்கியே வைத்திருப்பேன். 120 சிற்றாலயங்களில் புதிர்கள் காத்திருக்கின்றன. ஆனால் ஒருவர் மட்டுமே ஆட முடியும்.

மரியோவுக்கு அரை மணி நேரம் போதும். தவளை மீதோ டைனோசர் மீதோ தொப்பியை வீசினால் அதுவாகவே மாறிவிடலாம். செத்தாலும் ஆட்டத்தில் சேர்த்த காசில் பத்துதான் நட்டம். இருவராகவும் ஆடலாம்: ஒருவருக்கு மரியோ, இன்னொருவருக்குத் தொப்பி. அம்புக்குறி வழிகாட்டும் எளிய முறையும் உண்டு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மரியோ வாங்குங்கள். எனக்கு ஒன்றுதான் என்றால், யோசிக்காமல் செல்டா.