ஃபாதர் ஆஃப் தி பிரைட்: 1950-ஆ, 1991-ஆ, எதை முதலில் பார்ப்பது?

இந்தப் பெயரில் வந்த இரண்டு ஹாலிவுட் படங்களும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. கல்யாணம் முடிந்து விருந்தாளிகள் போய்விட்டார்கள். வீடு முழுக்கக் காலிக் கோப்பைகளும் குப்பையும். நடுவில் பெண்ணின் அப்பா உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டபடி நேராக நம்மிடம் பேச ஆரம்பிக்கிறார். கல்யாணம் நடந்துவிடும் என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால், ‘நடக்குமா, நடக்காதா’ என்ற பதைப்பு இல்லை. இந்த மனுஷன் இதிலிருந்து எப்படி மீண்டு வந்தார் என்பதுதான் கதை. எட்வர்ட் ஸ்ட்ரீட்டரின் 1949 நாவல்தான் இரண்டுக்கும் மூலம்.

முதல் படம் வின்சென்ட் மினெல்லி இயக்கிய எம்ஜிஎம் தயாரிப்பு; கறுப்பு வெள்ளை, சுமார் ஒன்றரை மணி நேரம். ஸ்பென்சர் டிரேசி வக்கீல் ஸ்டான்லி பேங்க்ஸாகவும், எலிசபெத் டெய்லர் மகள் கேயாகவும் வருகிறார்கள். 1991 படத்தை இயக்கியவர் சார்ல்ஸ் ஷையர். அவரும் நான்சி மையர்ஸும் பழைய திரைக்கதையை வைத்தே எழுதினார்கள், பழைய எழுத்தாளர்களின் பெயரும் டைட்டிலில் உண்டு. இதில் அப்பா ஸ்டீவ் மார்ட்டின், விளையாட்டு ஷூ கம்பெனி நடத்தும் ஜார்ஜ் பேங்க்ஸ். அம்மா டயன் கீட்டன், மகள் கிம்பர்லி வில்லியம்ஸ்.

ஒரே கட்டத்தை இரண்டு படங்களும் எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் வித்தியாசம் பிடிபடும். மகள் சாப்பாட்டு மேஜையில் கல்யாணச் செய்தியைச் சொல்கிறாள். பழைய படத்தில் அப்பாவின் மனசு மாப்பிள்ளை யாராக இருக்கும் என்று ஓடுகிறது. வீட்டுக்கு வந்துபோன பையன்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து பயமுறுத்துகின்றன. புதிய படத்தில் ஜார்ஜ் மாப்பிள்ளையைப் பற்றி யோசிக்கும் நிலையிலேயே இல்லை. எதிரே 22 வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவர் கண்ணுக்கு மட்டும் அதே நாற்காலியில் ஒரு சின்னக் குழந்தை உட்கார்ந்து, ரோமில் ஒருவரைச் சந்தித்தேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்று மழலைக் குரலில் சொல்கிறது. சில விநாடிகள்தான். அப்பாவின் பிரச்சினை மாப்பிள்ளை அல்ல, காலம் என்பது அந்த ஒரு ஷாட்டில் புரிந்துவிடுகிறது. இந்த இடத்தில் புதிய படமே மேல்.

சிரிப்பு என்று வந்தால் என் ஓட்டு பழையதற்கு. நிச்சயத்தை அறிவிக்கும் விருந்தில் ஸ்டான்லி முன்கூட்டியே ஜாடி நிறைய மார்ட்டினி என்ற மதுக்கலவையைக் கலந்து வைத்திருக்கிறார். வருகிற ஆளெல்லாம் வேறு ஏதாவது கேட்கிறார்கள். சமையலறையில் நின்று ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்ததில், தயார் செய்து வைத்திருந்த பேச்சைப் பேசவே முடியாமல் விருந்து முடிந்துவிடுகிறது. டிரேசி கத்துவதில்லை, ஓடுவதில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குகிறது, அவ்வளவுதான். சொந்த வீட்டிலேயே பரிமாறும் ஆளாகிப்போன அப்பாவை நம் ஊர்க் கல்யாண வீடுகளிலும் பார்க்கலாம். அதனால்தான் இந்தக் காட்சி இன்றும் பழசாகவில்லை.

இதற்கு நிகராகப் புதிய படம் வைப்பது சூப்பர் மார்க்கெட் காட்சி. பன்னுக்குள் வைக்கும் ஹாட் டாக் பாக்கெட்டில் 8, பன் பாக்கெட்டில் 12. தேவையில்லாத 4 பன்னுக்கு ஏன் காசு கொடுக்கணும் என்று ஜார்ஜ் பாக்கெட்டைப் பிரித்து எடுத்துப்போட, விவகாரம் லாக்கப்பில் முடிகிறது. இது வேலை செய்வதற்குக் காரணம் முன்னாலேயே நடப்பட்டிருக்கிறது: தலைக்கு 250 டாலர் விருந்து, 1,200 டாலர் கேக். நூறு பேர் என்றாலே 25,000 டாலர். அங்கே வாயைத் திறக்க முடியாத மனுஷன் 4 பன்னில் வெடிக்கிறார். மாறாக, சம்பந்தி வீட்டில் பாங்க் புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்க்கப்போய் நாய்களிடம் மாட்டி நீச்சல் குளத்தில் விழும் காட்சி நீளம்; விழுவதற்காகவே எழுதப்பட்டது போல இருக்கிறது. கல்யாண ஏற்பாட்டாளர் ஃபிராங்காக வரும் மார்ட்டின் ஷார்ட்டின் உச்சரிப்பு நகைச்சுவை சிலருக்கு உயிர், சிலருக்கு அலுப்பு.

கல்யாணத்துக்கு முந்தைய இரவுதான் இரண்டின் உச்சம். ஸ்டான்லி கனவு காண்கிறார்: தேவாலயத்துக்குத் தாமதமாக வருகிறார், தரை ரப்பர் போல இளகிக் காலை உள்ளே இழுக்கிறது, உடை கிழிகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். குடும்ப நகைச்சுவைக்கு நடுவில் அசல் பயம். விழித்துக் கீழே வந்தால் சமையலறையில் மகளும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கிறாள். புதிய படத்தில் அப்பாவும் மகளும் நடுராத்திரியில் வீட்டு வாசலில் கூடைப்பந்து போடுகிறார்கள், கலிபோர்னியாவில் அபூர்வமாகப் பனி விழுகிறது. அழகுதான், ஆனால் கனவுக் காட்சிக்கு இருக்கும் துணிச்சல் இதற்கு இல்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். பழைய படத்தில் கே எப்போதும் அப்பாவின் கண் வழியாக மட்டுமே தெரிகிறாள். அவளுக்கென்று ஒரு வேலையோ ஆசையோ காட்டப்படவில்லை. தேனிலவுக்கு நோவா ஸ்கோஷியாவில் மீன்பிடிக்கப் போகலாம் என்று மாப்பிள்ளை சொன்னதற்காகக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிறாள். புதிய படத்தில் மகள் ஆனி கட்டடக்கலை படித்தவள். மாப்பிள்ளை மிக்ஸி பரிசு தந்ததும், ‘என்னை அடுப்படியில் உட்கார வைக்கப் பார்க்கிறானோ’ என்று சந்தேகப்படுகிறாள். சண்டையின் அளவு ஒன்றுதான், காரணத்துக்கு மட்டும் கனம் கூடியிருக்கிறது. ஆனால் பேங்க்ஸ் குடும்பத்தின் வசதி இங்கே கூடிப்போனதால், அப்பாவின் பணக்கவலை சில இடங்களில் நெஞ்சைத் தொடுவதில்லை.

2022-இல் ஆண்டி கார்சியா நடித்த மூன்றாவது வடிவமும் உண்டு, மயாமி கியூபக் குடும்பம். அதில் பெற்றோரின் விவாகரத்துக் கதை மேலேறிவிடுவதால் இந்த ஒப்பீட்டில் சேராது.

குழந்தைகளோடு உட்கார்ந்தால் 1991-ஐ முதலில் போடுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் பழக்கமில்லாதவர்களும் அதன்பின் பழையதற்குள் சுலபமாக நுழைந்துவிடுவார்கள், கதை தெரிந்திருப்பதால் டிரேசியின் முகத்தைக் கவனிக்க நேரம் கிடைக்கும். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு என்றால் 1950-ஐயே முதலில் பாருங்கள். கூட்டத்தில் மகளிடம் விடைபெறக்கூட முடியாமல் போய், பிறகு அவளிடமிருந்து போன் வரும்போது டிரேசி ரிசீவரைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். 1991-இலும் அந்தப் போன் வருகிறது, விமான நிலையத்திலிருந்து.