ஆம்புலன்ஸ் கணக்கு போட்டுப் பாக்க சிம்பை எப்படி?

போன வருஷம் இங்க சிங்கப்பூர்ல மாமனாருக்கு நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ் கூப்பிட 995க்கு அடிச்சோம், வண்டி சீக்கிரமாவே வந்துருச்சு, ஆனா ஆஸ்பத்திரில பெட் காலியில்லன்னு ஸ்ட்ரெச்சர்லயே ரொம்ப நேரம் காத்திருந்தோம், அந்த பாராமெடிக் தம்பியும் ஒரு கையால ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நகராம கூடவே நின்னாரு. இவரு இங்க நிக்கிற நேரத்துல இன்னொரு புளோக்ல யாராச்சும் விழுந்தா இந்த வண்டி போக முடியாதேன்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. அதான் சிம்பைல உக்காந்தேன், இந்த மாதிரி வரிசை, காத்திருப்பை எல்லாம் கம்ப்யூட்டர்ல போலியா ஓட்டிப் பாக்கிறதுக்கான கருவி அது.

இது பைத்தான்கிற புரோகிராம் மொழில ஓடுற ஓசி லைப்ரரி, அதாவது முன்னாடியே எழுதி வெச்ச கோடு; எம்ஐடி லைசென்ஸ், யாரு வேணும்னாலும் எடுத்து மாத்திக்கலாம். அழைப்பு வருது, வண்டி காலியா இருந்தா எடுக்குது, இல்லன்னா வரிசைல நிக்குது, வேலை முடிஞ்சா வண்டியை விடுது, இதை அப்படியே நாப்பது அம்பது வரில எழுதிடலாம். மூச்சு பேச்சில்லாம கெடக்கிறவங்களை முன்னாடி அனுப்பணும்னா பிரையாரிட்டி ரிசோர்ஸ்னு தனியா இருக்கு.

நானா வெச்ச எண் இது, அசல் புள்ளிவிவரம் இல்ல: 5 வண்டி, சராசரியா 15 நிமிஷத்துக்கு ஒரு அழைப்பு, ஒரு கேஸுக்கு சராசரி 60 நிமிஷம். 100ல 55 பேரு வண்டி காலியாகுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதா வந்துச்சு! 6வது வண்டி சேத்தா அது 28 ஆச்சு. வண்டியே சேக்காம, நோயாளியை ஆஸ்பத்திரில ஒப்படைக்கிற நேரத்துல 15 நிமிஷம் கொறச்சு, அந்த 60ஐ 45 ஆக்கிப் பாத்தா 24. ரெண்டு மூணு தடவை திரும்ப ஓட்டிப் பாத்தேன், அதேதான் வருது. இங்க 995 ஆம்புலன்ஸை ஓட்டுற குடிமைத் தற்காப்புப் படை 10ல 8 அழைப்புக்கு 11 நிமிஷத்துக்குள்ள போகணும்னு இலக்கு வெச்சிருக்கு, அந்த இலக்கு நிக்கிறது எமர்ஜென்சி வார்டு வாசல்ல வண்டி எவ்வளவு நேரம் மாட்டிக்குதுங்கறதுலயும் இருக்குன்னு எனக்கு அப்பதான் உறைச்சுச்சு.

ஒண்ணு கவனிங்க, மாடல் ஆரம்பிக்கும்போது எல்லா வண்டியும் காலியா இருக்கும், அதனால மொதல் சில மணி நேரத்து ரிசல்ட் ரொம்ப அழகா வரும், அதைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் எண்ணணும், நான் மொதல்ல அதைச் சேத்து எண்ணிட்டேன்.

குறைன்னா, ரோடு, ட்ராஃபிக் எதுவும் இதுக்குத் தெரியாது, பயண நேரத்தை ஒன்மேப்ங்கற சிங்கப்பூர் அரசாங்க மேப்ல இருந்து நாமதான் எடுத்துக் குடுக்கணும், 14வது மாடிக்கு லிஃப்ட்ல ஏறுற நேரத்தையும் தனியா சேக்கணும். யாரு எவ்வளவு நேரம் காத்திருந்தாங்கன்னு அதுவா குறிச்சு வைக்காது, நாமளே லிஸ்ட் போட்டுக்கணும். அனிமேஷனும் கெடையாது. நர்ஸா இருக்கிற எங்க அக்காகிட்ட காட்ட ஒவ்வொரு வண்டியோட 24 மணி நேரத்தையும் கலர் பட்டையா வரைஞ்சேன், ஒப்படைக்கக் காத்திருக்கிற நேரம் செவப்பு. சாயங்காலம் 6 மணிக்கு மேல அஞ்சு பட்டையும் ஒரே நேரத்துல செவப்பான எடத்துல அக்கா விரலை வெச்சுட்டு ஒண்ணும் பேசல.

பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா ஒரு சனி ஞாயிறு போதும், எக்செல் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு மொதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். 5க்கு 4 குடுக்கிறேன், அந்த 1 அனிமேஷன் இல்லாததுக்கு.