ஊராட்சியாகவே இருப்பதா, நகராட்சியோடு சேர்வதா?

எங்கள் ஊரைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து எல்லோரும் வரியைப் பற்றியே பேசுகிறார்கள். உண்மைதான், ஊராட்சியில் வீட்டு வரி குறைவு, நகராட்சியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி, அதுவும் 2022-ல் உயர்த்தப்பட்டது.

ஆனால் எனக்கு வரியைவிடப் பெரிய கவலை கிராம சபை. ஊராட்சி என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் சில நாட்கள் வரவு செலவை ஊர் முன்னால் வைத்தாக வேண்டும். போன முறை ஒரு பாட்டி எழுந்து, "மோட்டார் ரிப்பேருன்னு மூணு தடவை எழுதியிருக்கீங்களே, தண்ணி எங்கப்பா?" என்று கேட்டார், செயலாளர் நோட்டைப் புரட்டிக்கொண்டே நின்றார். தலைவரையும் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். நகராட்சித் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பகுதி சபை உண்டு, ஆனாலும் ஊரே கூடி உட்காருவது போல வராது. அப்புறம் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் ஊரக வேலைத் திட்டமும் நகராட்சி ஆனால் கிடையாது, அதை நம்பியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய.

சரி, நகராட்சியில் என்ன லாபம்? பொறியாளர், சுகாதார அலுவலர் என்று ஆட்கள் இருப்பார்கள், பாதாளச் சாக்கடை மாதிரிப் பெரிய வேலைக்கு வழி பிறக்கும். வயலெல்லாம் பிளாட் ஆகிவிட்ட ஊருக்கு அது தேவைதான். எங்கள் ஊரில் இன்னும் நெல் விளைகிறது, அதனால் ஊராட்சியாகவே இருக்கட்டும் என்பேன்.