கிராக்கிள் நெயில் பாலிஷ்: விரிசலில் குறையில்லை, பாட்டில்தான் தொல்லை

காயும்போது தானாகவே விரிசல் விட்டு அடி நிறத்தைக் காட்டும் கிராக்கிள் நெயில் பாலிஷ் வாங்கலாமா என்று தோழி கேட்டதால் இதை எழுதுகிறேன். 2011-ல் ஓ.பி.ஐ. நிறுவனத்தின் பிளாக் ஷாட்டர் என்ற கருப்பு கிராக்கிள் வந்தபோது இருந்த மோகம் இப்போது இல்லை. ஆனாலும் சில்வர் மேல் கருப்பு போட்டு, அது கண்ணெதிரே பிளப்பதைப் பார்க்கும் சந்தோஷம் வேறு எந்த நெயில் பாலிஷிலும் கிடையாது. பத்து விரலிலும் பத்து விதமாக விழும்.

அடி நிறம் மெல்லிசாக இரண்டு கோட். தொட்டால் ஒட்டவில்லை என்பது போதாது. லேசாக அழுத்தினாலும் தடம் விழக்கூடாது. ஈரம் இருந்தால் கிராக்கிள் அதையும் கரைத்து இழுத்துவிடும். மேலே போடும் கிராக்கிளில் சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான் அதிகம். காயக் காயச் சுருங்கி, இழுவை தாங்காமல் கிழிகிறது. அதனால் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்றே இழுப்பு. போட்ட இடத்தில் மறுபடி பிரஷ் பட்டால் திரண்டுவிடும், அங்கே விரிசலே வராது. தடிமனாகப் போட்டால் அகல விரிசல், மெல்லிசாகப் போட்டால் பொடி விரிசல். ரொம்ப மெல்லிசானால் சொரசொரப்பு மட்டும்தான் மிஞ்சும்.

காய்ந்தபின் பளபளப்பு இருக்காது, ஓரங்கள் தலை வாரும்போது முடியில் மாட்டும். கடைசியில் பூசும் நிறமில்லாத டாப் கோட் இரண்டு தேவை. முதல் கோட் பள்ளங்களுக்குள் இறங்கிவிடும். பிரஷை அழுத்தாமல் மிதக்கவிட்டு, நகத்தின் நுனி விளிம்பையும் மூடுங்கள். உரிவது அங்கேதான் ஆரம்பிக்கும்.

என் கோபமெல்லாம் பாட்டில் மேல். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கரைப்பான் போய்விடுகிறது. பாதி தீர்வதற்குள் கெட்டியாகி நூல் நூலாக இழுக்கிறது, விரிசல் விட மறுக்கிறது. கெட்டியானதை இளக்கும் நெயில் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் கொஞ்ச நாள் தாங்கும். ரிமூவர் ஊற்றவே கூடாது. அதிலிருக்கும் தண்ணீரும் எண்ணெயும் மிச்சத்தையும் கெடுத்துவிடும். பாட்டில் கழுத்தைத் துடைத்து மூடுங்கள். போடும்போது ஃபேனை நிறுத்துங்கள், பிரஷிலேயே காய்ந்துவிடுகிறது. இத்தனை பக்குவம் பார்த்தும் பாதி பாட்டில் குப்பைக்குத்தான் போகிறது. காசு கொடுத்து வாங்கும் பொருள் இப்படியா இருக்க வேண்டும்?

கிராக்கிள் பாட்டில் இல்லாமலே, ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை வைத்து விரிசல் விடவும் ஒரு வழி இருக்கிறது. காய்ந்த அடி நிறத்தின் மேல் பசையை மெல்லிசாகத் தடவி, பிசுபிசுப்பு இருக்கும்போதே சாதாரண பாலிஷைத் தாராளமாகப் போட்டால் விரிசல் விழும், இன்னும் முரட்டுத்தனமாக. பசை தண்ணீரில் இளகும் என்பதால் பாத்திரம் தேய்க்கிற கையில் மேல் பூச்சு உரிந்து வந்துவிடும். ஒரு நாள் விசேஷத்துக்குப் போதும்.

விரிசலின் அழகைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் இன்னொரு கிராக்கிள் பாட்டில் வாங்கப்போவதில்லை. தோழி, உனக்கு ஆசையிருந்தால் கருப்பு ஒன்று மட்டும், கிடைப்பதிலேயே சின்ன பாட்டிலாக வாங்கு, கூடவே தின்னரும்.