வேலையிடத்தில் தாய்ப்பால் பம்ப்: ஐந்து மாத அனுபவம்

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரத்தில், இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் பால் எடுக்கக்கூடிய, பேட்டரியில் இயங்கும் சிறிய பம்ப் ஒன்றை வாங்கினேன். வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து எடுப்பதற்கு எந்தப் பம்பும் போதும். அலுவலக இடைவேளைக்குள் இது காரியத்தை முடித்துத் தருகிறதா என்பதே என் கேள்வி.

எனக்கு நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகள், ஒவ்வொன்றும் 30 நிமிடம். கை கழுவி, மார்பில் பொருந்தும் புனலையும் குழாயையும் பொருத்த 5 நிமிடமும், முடிந்தபின் பாகங்களைக் கழுவி, பால் பையில் நேரத்தை எழுதி வைக்க 7 நிமிடமும் போய்விடுவதால், பால் எடுக்க மிஞ்சுவது 18 நிமிடம்தான். முதலில் வேகமாகவும் மென்மையாகவும் இழுத்துச் சுரப்பைத் தூண்டி, பிறகு நிதானமான, அழுத்தமான இழுப்புக்குத் தானாகவே மாறுகிற இந்தப் பம்ப், அந்த அவகாசத்துக்குள் இரு பக்கமும் முடித்துவிடுகிறது. இதில் எனக்கு முழுத் திருப்தி.

குறைகளும் உண்டு. உடன் வந்த 24 மி.மீ. புனல் எனக்குப் பெரிதாக இருந்ததால், காம்போடு சுற்றியுள்ள தோலும் உள்ளே இழுபட்டுப் புண்ணாயிற்று, 21 மி.மீ. புனலைத் தனியாக வாங்கிய பிறகே வலி நின்றது. மூன்றாம் மாதம் பால் பாதியாகக் குறைந்தபோது, சுரப்பே வற்றிவிட்டதோ என்று இரண்டு நாள் கலங்கிப்போனேன். பம்பின் இழுவிசையைத் தக்கவைக்கும் சிலிகோன் வால்வின் நுனியில் மயிரிழை அளவுக்கு ஒரு கிழிசல் விழுந்திருந்ததுதான் காரணம். வால்வு தேயும் என்பதைப் பயன்பாட்டுக் குறிப்பில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். சத்தமே வராது என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம்; மெல்லிய தடுப்புக்கு அப்பால் இருப்பவருக்கு நன்றாகவே கேட்கும்.

கேட்டாலும் பாதகமில்லை என்கிற ஓர் அறை எனக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. முதலில் கழிப்பறையைத்தான் காட்டினார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை, பாலூட்டும் இடைவேளையை ஊதியத்துடன் கூடிய வேலை நேரமாகவே கணக்கிடச் சொல்கிறது; அதனுடன் வந்த பரிந்துரை, இயன்றவரை வேலையிடத்திலோ அருகிலோ சுகாதாரமான பாலூட்டும் வசதி வேண்டும் என்கிறது. உடன்படிக்கை அதை ஏற்புறுதி செய்த நாடுகளையே கட்டுப்படுத்தும், பரிந்துரையோ எவரையும் கட்டுப்படுத்தாது என்று தெரிந்திருந்தும், இரண்டையும் எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினேன். ஒரு வாரத்தில், தாழ்ப்பாளும் மின்இணைப்பும் உள்ள கோப்பறையை ஒழித்துத் தந்தார்கள்.

எடுத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம்தான் தாங்கும் என்பதால், குளிர்பதனப் பெட்டி இல்லாத இடத்தில் ஐஸ் கட்டிகளுடன் கூடிய குளிர்ப்பை கட்டாயம் தேவை. இந்தப் பம்புடன் வரும் பை வெறும் அலங்காரம்.

இடைவேளைக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடி உள்ளவர்கள் இந்த வகைப் பம்பைத் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே கூடுதலாக இரண்டு வால்வுகளை வாங்கி, ஒன்றை அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள்.