இ-சாங்கியிகி தரவுத்தளம்: மண்டபம் கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூனில் தொடங்கிய, அரசின் புள்ளிவிவரங்களை இணையத்தில் தரும் இ-சாங்கியிகி தளத்தை, மீனவர் சங்கத்தின் கோரிக்கை மனுக்களுக்குத் தரவு திரட்டுபவன் என்ற முறையில் பயன்படுத்தி வருகிறேன். முன்பெல்லாம் தொழிலாளர் கணக்கெடுப்பின் எண்கள் தடித்த பிடிஎஃப் அறிக்கைகளுக்குள் கிடந்தன. ஓர் அட்டவணையைப் பெயர்த்து எக்செல்லில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இப்போது மாநிலம், பாலினம், ஊரகமா நகரமா என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல ஆண்டுகளின் எண்வரிசை ஒரே கோப்பாக இறங்குகிறது; நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரல் வழியே நேரடியாகத் தரவைப் பெறும் ஏபிஐ வசதியும் உண்டு. இதற்காகவே தாராளமாகப் பாராட்டலாம்.

ஆனால் கடலோரத்துக்கு வேண்டியது இன்னும் கிட்டவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது இராமநாதபுரத்தில் எத்தனை பேர் வேலையிழக்கிறார்கள் என்று தேடினால், 2025 முதல் வெளிவரும் மாத மதிப்பீடுகள் நாடு முழுமைக்குமானவையாகவே இருக்கின்றன. அளவுகோலும் கவனிக்கத்தக்கது: முந்தைய 7 நாள்களில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே, கணக்கெடுப்பு ‘வாராந்திர நிலை’ என்று அழைக்கும் அளவுகோலின்படி ஒருவர் வேலையில் உள்ளவராகிவிடுகிறார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிடுக்குகளில் மூழ்கிப் பாசி எடுக்கும் பாம்பன் பெண், கடல் கொந்தளித்து ஒரே ஒரு நாள் இறங்கிய வாரத்திலும் அந்தக் கணக்கில் வேலையில் உள்ளவரே. இது தளத்தின் குறையன்று, வரையறையின் குறை.

2025 முதல், கணக்கெடுப்புக்கான வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் மாதிரித் தேர்வில் மாவட்டமே அடிப்படை அடுக்காகிவிட்டதால் (அதாவது மாவட்டவாரியாகப் பிரித்தே வீடுகள் தேர்ந்தெடுக்கப்படுவதால்), மாவட்ட மதிப்பீட்டை எதிர்பார்ப்பது பேராசையாகாது. மாநில அளவில் ஆராய்பவர்களுக்குத் தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்களைப் போன்ற சங்கங்கள் மீன்வளத் துறையின் பதிவுகளையும் உடன் வைத்துப் பார்த்தே மனு எழுத வேண்டியிருக்கிறது.