ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4: 1,870 மணி நேரம் ஆடினதுல பாதி தண்டவாளம் போட்டே போச்சு

அக்கா பையன் நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தான், "மாமா, ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் சேல்ல இருக்கு, நீங்க ரொம்ப வருஷமா ஆடுறீங்கல்ல, வாங்கலாமா"ன்னு. ஒரே வார்த்தையில பதில் சொல்லிட்டுப் போற கேள்விதான், ஆனா அவன் கேட்ட நேரம் சரியில்ல. அதுக்கு அரைமணி நேரம் முன்னாடிதான் அந்த கம்ப்யூட்டர் கேம்ல, பர்மா காட்டுக்குள்ள என்னோட ஒரு முழு ஆர்மி, ஒரு ஜெனரலுக்குக் கீழ எவ்ளோ போட முடியுமோ அவ்ளோ, 24 டிவிஷன் (படைப்பிரிவு), எதிரி ஒரு குண்டு கூடப் போடாமலே கரைஞ்சு போச்சு. அந்தக் கடுப்புலதான் இதை எழுதுறேன், அதனால கொஞ்சம் காரம் ஜாஸ்தியா இருந்தா அனுசரிச்சுக்கோங்க.

கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் ஆப்ல பாத்தா 1,870 மணி நேரம்னு காட்டுது. கணக்குப் போட்டா ராத்திரி பகல் தூங்காம 78 நாள். இதை வீட்ல யார்கிட்டயும் சொல்றதில்ல. போன மாசம் லேப்டாப் ஃபேன் போயி சர்வீஸுக்குக் குடுத்தப்ப அங்க இருந்தவர் உள்ள திறந்து பாத்துட்டு "என்ன சார், வீடியோ எடிட்டிங் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டாரு, நானும் ஆமான்னுட்டேன். கேம்ல 1944 வருஷத்தைத் தாண்டி ஆடுனா எந்த மெஷினும் இரையத்தான் செய்யும், உலகம் பூரா ஆயிரக்கணக்குல டிவிஷன் நகருதுல்ல. கிராஃபிக்ஸ் கார்டு பத்தி எல்லாம் யாரும் கவலைப்படாதீங்க, இதுல வேலை முழுக்க ப்ராசஸருக்குத்தான்.

கேம் என்னன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் எழுதுறேன், இருந்தாலும் ஒரு வரி. 1936 ஜனவரி 1ல ஒரு நாட்டைக் கையில எடுத்து ரெண்டாம் உலகப் போரை உங்க இஷ்டத்துக்கு நடத்துறது, அவ்வளவுதான். 2016 ஜூன் 6ல, நார்மண்டி தரையிறக்கம் நடந்த அதே தேதியில ரிலீஸ் பண்ணாங்க. ஃபோகஸ் ட்ரீ, டிவிஷன் டிசைனர், கப்பல், விமானம் எல்லாத்துக்கும் வீடியோ கொட்டிக் கிடக்கு, அதையெல்லாம் நான் பேசப் போறதில்ல. நான் பேச வந்தது சப்ளை, அதாவது படைக்குச் சாப்பாடு, பெட்ரோல், துப்பாக்கி போய்ச் சேர்றது.

2021 நவம்பர்ல நோ ஸ்டெப் பேக்ன்னு ஒரு டிஎல்சி (காசு குடுத்து வாங்குற கூடுதல் பகுதி) வந்துச்சு, அது கூட வந்த அப்டேட்ல சப்ளையை அடியோட மாத்திட்டாங்க. நல்லவேளை அந்தப் பகுதியை காசுக்கு விக்கல, அப்டேட்லயே ஃப்ரீயா எல்லாருக்கும் குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் என்னை ஒரு பெரிய தளபதின்னு நினைச்சுட்டு இருந்தேன். 40 விட்துல, அதாவது சண்டையில அவ்ளோ இடம் பிடிக்கிற பெரிய அளவுல, டாங்க் டிவிஷன் போடு, எங்க போகணும்னு மேப்புல அம்புக்குறி வரை, ஸ்பீடு 5ல, அதான் முழு வேகத்துல, வுடு, மாஸ்கோ கைக்கு வந்துரும். அப்டேட் வந்த அன்னிக்கு அதே மாதிரி வரைஞ்சேன், வுட்டேன், பாதி வழியில இருக்குற மின்ஸ்க் கூடத் தாண்டல.

எப்படி வேலை செய்யுதுன்னா, தலைநகர்ல இருந்து சரக்கு கிளம்பும், தண்டவாளம் வழியா ஹப்புக்கு, அதாவது சரக்கு இறங்குற கிடங்குக்குப் போகும், ஹப்புல இருந்து குதிரையிலயோ லாரியிலயோ சுத்துவட்டாரத்துல நிக்கிற படைக்குப் போகும். ஹப்பை விட்டுத் தள்ளிப் போகப் போக வரத்து கம்மியாகும், காடு, மலை, சேறுன்னா இன்னும் கம்மி. தண்டவாளத்துக்கு 1ல இருந்து 5 வரைக்கும் லெவல் உண்டு. கேக்க இது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ஆனா இதுல ஒரு வில்லங்கம் இருக்கு, அதுதான் என் உயிரை வாங்குது: மொத்த வழியிலயும் எது ரொம்ப மட்டமான லெவலோ, அந்த அளவுக்குத்தான் சரக்கு போகும்.

ஒரு உதாரணம் சொல்றேன். ஜெர்மனி எடுத்து ஆடிட்டு இருந்தேன். 1939லயே கிழக்கு எல்லை வரைக்கும் லெவல் 5 போட ஆரம்பிச்சாச்சு, கட்டுமான வேலை பாக்குற சிவிலியன் ஃபேக்டரி பாதி அதுக்கே போயிருச்சு, இந்தத் தடவை யாரும் என்னை அசைக்க முடியாதுன்னு இருந்தேன். 1941 ஜூன்ல உள்ள போனேன், மூணு வாரத்துல மின்ஸ்க், அதுக்கப்புறம் ஸ்மோலென்ஸ்க் பக்கம் வந்ததும் டாங்க் தலைமேல சப்ளை இல்லன்னு காட்டுற அந்த சிவப்பு ஐகான். சரி லாரி பத்தலன்னு ஹப்புல குதிரையை மாத்தி லாரி போட்டேன். மாறல. ரயில் இன்ஜின் பத்தலயோன்னு ரெண்டு ஃபேக்டரியை இன்ஜின் செய்யத் திருப்பினேன். மாறல. டிவிஷனுக்கு டிவிஷன் சரக்குச் செலவைக் குறைக்கிற லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி சேத்தேன், அதுக்கு ஆர்மி எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் காலி. ம்ஹூம். ரெண்டு சாயங்காலம் இப்படியே போச்சு, கேமைத் திட்டினேன், செஞ்சவங்களைத் திட்டினேன். மூணாவது நாள் சப்ளை மேப்பைப் போட்டு பெர்லின்ல இருந்து ஒவ்வொரு ப்ராவின்ஸா விரல் வச்சுப் பாத்துட்டே வந்தா, எல்லைக்கு இந்தப் பக்கம், போலந்துல, என் இடத்துல, ஒரே ஒரு துண்டு லெவல் 1ல நூல் மாதிரி நிக்குது. ரெண்டு வருஷம் கைக்குள்ளயே இருந்த இடம், நான் கிளிக் பண்ண மறந்த இடம். முப்பது லட்சம் பேரோட சாப்பாடும் பெட்ரோலும் அந்த நூல் வழியாதான் வழிஞ்சுட்டு இருந்திருக்கு. அதைச் சரி பண்ணி முடிக்கிறதுக்குள்ள அக்டோபர் சேறு வந்துருச்சு, அப்புறம் பனி.

திட்டலாம்னா நியாயம் கேம் பக்கம் போய் நின்னுக்குது, அதான் இதுல பெரிய எரிச்சல். நிஜத்துலயும் இதே கதைதான நடந்துச்சு. சோவியத் தண்டவாளம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் தண்டவாளம் 1,435, ஒருத்தர் வண்டி இன்னொருத்தர் பாதையில ஓடாது, அத்தனை தூரமும் ஒரு பக்கத்துத் தண்டவாளத்தைப் பிடுங்கி நகர்த்தி அடிச்சுட்டுத்தான் போனாங்க. டாங்க் டாங்க்னு சினிமாவுல காட்டுற அந்தப் படை, 1941ல உள்ள போகும்போது ஆறு லட்சத்துக்கும் மேல குதிரையைக் கூட்டிட்டுப் போயிருக்கு. குதிரைக்குப் புல்லு வேணும், புல்லு கொண்டு போகவும் வண்டி வேணும். கேம்லயும் புடிச்ச தண்டவாளம் புடிச்ச உடனே ஓடாது, நம்ம பக்கத்துக்கு மாறக் கொஞ்ச நாள் எடுக்கும். முதல் தடவை அது கேம்ல இருக்குற கோளாறுன்னு நினைச்சு புலம்பிட்டு இருந்தேன், பிறகுதான் விஷயம் புரிஞ்சு வாயை மூடிக்கிட்டேன்.

இப்ப நேத்து நடந்ததுக்கு வரேன். ஜப்பான். பர்மா ஈசியா வந்துருச்சு, அந்த ஜோர்ல அப்படியே மேற்க மலையைத் தாண்டி உள்ள போயிடலாம்னு 24 டிவிஷனையும் ஒரே வரிசையில நிறுத்தினேன். முதல் வாரம் நகர்ந்துச்சு. ரெண்டாவது வாரம் மெதுவாச்சு. அப்புறம் படையோட தெம்பைக் காட்டுற பச்சைக் கோடு ஒவ்வொண்ணா தேய ஆரம்பிச்சுச்சு, துப்பாக்கி கணக்குல ஆயிரக்கணக்குல மைனஸ் ஓடுது, எதிரி எதிர்ல உக்காந்து வேடிக்கை பாக்குறான். நானோ படை பத்தலன்னு நினைச்சு இன்னும் ஆறு டிவிஷனை உள்ள தள்ளினேன் பாருங்க, அதோட முடிஞ்சுது ஜோலி. இருக்குற கஞ்சியில இன்னும் ஆறு தட்டு. பன்னெண்டு டிவிஷனை மட்டும் வச்சு பாதியைப் பின்னால அனுப்பியிருந்தா ஒருவேளை போய்ச் சேந்திருக்கும்.

இதையும் நிஜத்துல ஒருத்தர் பண்ணிட்டாரு. 1944 மார்ச்ல முத்தாகுச்சின்னு ஜப்பான் ஜெனரல், மூணு டிவிஷனை இம்பால், கோஹிமா பக்கம் அனுப்பினாரு, கையில சுமார் மூணு வாரச் சாப்பாடு, அதுக்குள்ள இம்பால்ல இருக்குற பிரிட்டிஷ் கிடங்கைப் பிடிச்சுரலாம்ங்கிறது கணக்கு. வழியில அடிச்சுத் திங்க மாட்டு மந்தையைக் கூடவே ஓட்டிட்டுப் போனாங்க. நிறைய மாடு சிந்த்வின் ஆத்துலயே போச்சு. கிடங்கு கைக்கு வரல, மழை வந்துச்சு, ஜூலையில பின்வாங்கினப்ப குண்டு பட்டுச் செத்தவனை விட பசியிலயும் நோயிலயும் செத்தவன்தான் அதிகம். அவர் அனுப்பினது மூணு டிவிஷன், நான் அனுப்பினது முப்பது, யாரு பெரிய முட்டாள்னு நீங்களே சொல்லுங்க.

வேற பல ஸ்ட்ராட்டஜி கேம்ல ஆள் கூட கூட பலம். இதுல ஆள் கூடினா பலவீனம், அதுவும் எந்த இடத்துல எத்தனையாவது ஆளோட அது திரும்புதுங்கிறதுதான் ஆட்டமே. இது மண்டையில ஏற எனக்கு ஆயிரம் மணி நேரம் ஆச்சு. ஏறினதுக்கப்புறம் மேப்பைப் பாக்குற கண்ணே மாறிப் போச்சு. இப்பல்லாம் நகரத்தைப் பாக்குறதே இல்ல, ஹப்பைத்தான் பாக்குறேன். சோவியத் எடுத்து ஆடும்போது எல்லையில நின்னு சாகாம, பின்னால பின்னால வந்து, ரெண்டு ஹப்புக்கு நடுவுல இருக்குற வெறும் பொட்டல்ல ஜெர்மன் டாங்கை இழுத்து நிறுத்தி, விமானத்தை லாஜிஸ்டிக்ஸ் ஸ்ட்ரைக்ல போட்டு அவன் லாரியையும் ரயிலையும் மட்டும் அடிச்சுட்டு சும்மா உக்காந்திருந்தேன் ஒரு தடவை. நாலு மாசம். பனி விழுந்ததும் போய்த் தள்ளினேன், சுவர் இடிஞ்ச மாதிரி விழுந்துச்சு. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, அவ்ளோ சந்தோஷம். இத்தாலி எடுத்தா முதல் வேலையா மால்ட்டாவைப் பிடிக்கிறேன், இத்தாலியில இருந்து ஆப்பிரிக்காவுக்குப் போற கடல் வழியில இருக்குற தீவு அது. முன்னாடி அந்தத் தீவை மேப்புல தேடித்தான் கண்டுபிடிக்கணும் நான். கடல்ல சரக்குக் கப்பல் மூழ்கிட்டே இருந்தா பாலைவனத்துல எந்த தளபதியும் ஒண்ணும் கிழிக்க முடியாது, லிபியாவோட திரிபோலி துறைமுகத்துல இருந்து எகிப்துல சண்டை நடந்த அல் அலமைன் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர்.

சரி, பாராட்டு போதும். இப்ப கூட்டாளிங்க.

இந்த கேம்ல எதிரியை மன்னிச்சுரலாம், கூட்டாளியை மன்னிக்க முடியாது. ஆப்பிரிக்காவுல ஒத்தைத் தண்டவாளத்துல, இல்ல தண்டவாளமே இல்லாத இடத்துல, எண்ணி எண்ணி எட்டு டிவிஷனுக்கு சரக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருப்பேன். திடீர்னு பாத்தா ஹங்கேரிக்காரன் நிப்பான். பின்னால ருமேனியாக்காரன். கூப்பிடல, கேக்கல, கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை இல்லாம வந்த மாதிரி வந்து பந்தியில உக்காந்துட்டு, சண்டையும் போடாம, என் எட்டு டிவிஷன் சாப்பாட்டையும் சேத்துத் தின்னுட்டு, எல்லாரும் சேந்து பட்டினி. போன்னு சொல்ல ஒழுங்கான வழி கிடையாது. கூட்டாளி நாட்டை ஆட்டுற கம்ப்யூட்டருக்கு (ஏஐ) சப்ளைன்னா என்னன்னே தெரியாதான்னு தோணும், தெரியாதவனோட கூட்டு வச்சு தெரிஞ்ச நான் சாகுறேன். இதுக்காகவே இப்பல்லாம் தனிக்கட்டையா ஆடுறேன், கூட்டணியில யாரையும் சேக்குறதில்ல, யார் கூப்பிட்டாலும் போறதில்ல.

நியாயமா சொல்லணும்னா, மட்டமான தண்டவாளம் எதுன்னு சப்ளை மேப்புல மவுசை வச்சா கேமே காட்டிக் குடுக்குது, நான்தான் பாக்கல. கத்துக்குடுக்குறதுக்கு இத்தாலி எத்தியோப்பியா டுட்டோரியல் ஒண்ணு இருக்கு, அதை முடிச்சா உங்களுக்கு இத்தாலி எத்தியோப்பியாவை ஜெயிக்கத் தெரியும், அவ்வளவுதான். இதை விட ஆழமா சப்ளை வேணும்னா கேரி கிரிக்ஸ்பியோட வார் இன் தி ஈஸ்ட் மாதிரி ஆட்டம் இருக்கு, ஒரு டர்ன்னா ஒரு வாரம், மேனுவல் நூத்துக்கணக்கான பக்கம். ரெண்டு தடவை உக்காந்தேன், ரெண்டு தடவையும் மேனுவலே என்னை ஜெயிச்சுருச்சு.

இன்னொண்ணு. போர் விவரத்தைத் திறந்தா ஒரு நம்பர் இருக்கும், இதுவரைக்கும் எத்தனை பேர் செத்தாங்கன்னு. சண்டையில செத்தவங்க கண்ணுக்குத் தெரியும், சப்ளை இல்லாம போனவங்களும் ஏதோ ஒரு கணக்குல கழிஞ்சுட்டே இருப்பாங்க. முதல்ல எல்லாம் நம்பர்தான். இம்பால் பத்திப் படிச்சதுக்கப்புறம் நேத்து அந்தக் கணக்கைப் பாக்கும்போது ஒரு மாதிரியா இருந்துச்சு, உடனே மேப்பை ஜூம் அவுட் பண்ணிட்டேன். ஆனா ஆடுறதை நிறுத்தல, அதையும் சொல்லிடணும்ல.

அக்கா பையனுக்கு என்ன பதில் போட்டேன்னா, "வாங்காதடா"ன்னு போட்டேன். "ஏன் மாமா, நல்லா இல்லையா"ன்னான். நல்லா இருக்கு, அதனாலதான்னு அடிச்சு, அழிச்சுட்டு, உனக்கு பரீட்சை இருக்குன்னு மட்டும் அனுப்பினேன். அவன் வாங்கிருவான், எனக்குத் தெரியும். வாங்கினா ஜெர்மனியை எடுக்காத, சின்ன நாடா எடு, அதிகமா பத்து டிவிஷன் வச்சுக்கோ, அம்பு வரையிறதுக்கு முன்னாடி தண்டவாளத்தைப் பாரு, கூட்டணி வேண்டாம். டிஎல்சி எதுவும் முதல் நாளே எடுக்காத, வெறும் கேமையே ஜீரணிக்க மூணு மாசம் ஆகும்.

நான் நேத்து ராத்திரி ஆட்டத்தைக் கோவத்துல டிலீட் பண்ணப் போயி, பண்ணல. மாசாமாசம் ஆகுற ஆட்டோசேவ்ல ஒண்ணு கிடந்துச்சு, 24 டிவிஷனும் ஆத்துக்கு இந்தப் பக்கமே நிக்கிற சேவ். அதுல பன்னெண்டைக் கப்பல் ஏத்திட்டு, ரங்கூன்ல இருந்து வடக்க போற தண்டவாளத்தை லெவல் 3க்கு ஏத்த வரிசையில போட்டிருக்கேன். முடிய இன்னும் 90 நாள்னு காட்டுது, ஸ்பீடு 5ல போட்டா கொஞ்ச நேரம்தான். ஃபேன் இரைய ஆரம்பிச்சாச்சு.